பாப்பா, அந்தப் போனை இப்போதே அணைத்துவிடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். உன் போனைப் படமெடுத்து ரூம்மேட் போனிலிருந்து நீ அனுப்பிய போட்டோவை நம் போன் ரிப்பேர் கடையில் பெரிதாக்கிப் பார்த்தேன். "பின்பக்கம் லேசா தூக்கியிருக்குப்பா, ரப்பர் பேண்ட் போட்டிருக்கேன், வேலை செய்யுது" என்று நீ சாதாரணமாகச் சொல்கிறாய். ஆனால் வலது ஓரத்தில் நகம் நுழைகிற அளவுக்கு இடைவெளி தெரிகிறது. தாயி, அது பசை விட்டுப்போனதால் வந்த இடைவெளி இல்லை. உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது, அதுதான் மூடியைத் தள்ளிக்கொண்டு வருகிறது. ஆபீஸ் லேப்டாப்பில் படிப்பாய் என்று மெயிலில் அனுப்புகிறேன், இதைப் படித்த உடனே அந்தப் போனை அணைத்துவிடு.

இனி அதில் சார்ஜ் போடாதே, கொஞ்ச நேரம் மட்டும் என்றுகூடப் போடாதே. ரப்பர் பேண்டைக் கழற்று, ஏனென்றால் அது உப்பினதை அமுக்கிக்கொண்டிருக்கிறது. மூடியை விரலால் அழுத்தி உட்காரவைக்கிற வேலையும் வேண்டாம். படுக்கை, துணி, புத்தகம் எதுவும் பக்கத்தில் இல்லாமல், வெயில் படாத இடமாகப் பார்த்து வெறும் டைல்ஸ் தரையில் வை. நாளைக்குக் காலையில் சிம்மை எடுத்துவிட்டு சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோ, பேட்டரி உப்பியிருக்கிறது என்று வாசலிலேயே சொல்லிவிடு. ஊசியால் ஒரு குத்து குத்தினால் காற்று போய்விடும் என்று யாராவது சொன்னால் அந்தக் கடையில் நிற்காமல் கிளம்பிவிடு. அப்படிச் செய்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

காரணம் தெரிந்தால் நீ செய்வாய், சின்ன வயதிலிருந்தே உனக்கு அப்படித்தான். பேட்டரிக்குள்ளே செம்புத் தகடும் அலுமினியத் தகடும் காகிதத்தைவிட மெல்லிசாக அடுக்கடுக்காக இருக்கும், இரண்டும் ஒன்றையொன்று தொட்டுவிடாமல் நடுவில் ஒரு பிளாஸ்டிக் சவ்வு, அந்த அடுக்கு முழுவதும் தீப்பிடிக்கக்கூடிய ஒரு திரவத்தில் ஊறியிருக்கும். சூடும் வயதும் சேரும்போது அந்தத் திரவம் சிதைந்து வாயுவாகிறது. வெளியே போக வழியில்லாததால் பை உப்புகிறது. குத்தினால் சவ்வு கிழிந்து தகடுகள் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் பேட்டரியில் இருக்கிற மொத்த சார்ஜும் ஒரே இடத்தில் சூடாக இறங்கும். உன் ஆச்சி தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவள். கோவில்பட்டியில் பிறந்த பிள்ளைக்குத் தீயைப் பற்றி இதற்குமேல் நான் சொல்லவேண்டியதில்லை.

பட்டன் போன் காலத்தில் இதைக் கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது. பின்மூடியை நகத்தால் நெம்பிப் பேட்டரியை எடுத்து, கடை மேஜைக் கண்ணாடிமேல் படுக்கவைத்து ஒரு சுண்டு சுண்டுவேன். நல்ல பேட்டரி அப்படியே தேய்ந்து நின்றுவிடும், உப்பின பேட்டரி வயிற்றை ஊன்றிப் பம்பரமாய்ச் சுற்றும். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து கடையில் உட்கார்ந்திருக்கும்போது அதைச் சுற்றவிடச் சொல்லிக் கேட்பாய், ஞாபகம் இருக்கிறதா? இப்போது எல்லாம் பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள், மூடி தூக்கிக்கொண்டு வருகிறவரைக்கும் வெளியே தெரிவதில்லை.

ஆனாலும் பேட்டரி முன்னாலேயே சொல்லியிருக்கிறது. பொங்கலுக்கு வந்தபோது, "30 சதவீதம் இருக்கும்போதே கேமரா திறந்தா ஆஃப் ஆகுதுப்பா" என்று நீ சொன்னாய். கடையில் கூட்டம், அப்புறம் பார்க்கிறேன் என்றேன், பார்க்கவே இல்லை. பழசான பேட்டரிக்குள் மின்தடை கூடிவிடும், கேமரா மாதிரி ஒன்று திடீரென்று நிறைய கரண்ட் கேட்டால் வோல்டேஜ் சட்டென்று சரியும், போன் அணைந்துவிடும். மீட்டரில் 30 காட்டினாலும் கொடுக்கிற தெம்பு இருக்காது. அன்றைக்கே மாற்றியிருக்க வேண்டியது. அது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

எதனால் இப்படி ஆனது என்று யோசித்தேன். உங்கள் ரூமில் மூன்று பேருக்கு ஒரே பிளக் பாயிண்ட், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் உன் கட்டில்மேல் கிடக்கிறது, ராத்திரி முழுக்கப் போன் தலையணைக்கு அடியில் சார்ஜில் இருக்கிறது என்று அம்மா சொன்னாள். பகலில் கரண்ட் போனால் அதே போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, சார்ஜும் போட்டு, தடி கவரோடு மணிக்கணக்கில் வேலை. அதிகம் பயன்படுத்தினதால் கெட்டுவிட்டது என்று நினைக்காதே. பேட்டரியைச் சீக்கிரம் கொல்வது சூடு, அதிலும் முழுசாக நிரம்பியிருக்கும்போது படுகிற சூடு. 100 சதவீதம் காட்டும்போது உள்ளே 4.4 வோல்ட்டை ஒட்டி நிற்கும், பாதியில் இருக்கும்போது 3.8 பக்கம்தான். அந்த உச்சியிலேயே ராத்திரி முழுக்கத் தலையணைச் சூட்டில் வைத்திருந்தால் எந்தப் பேட்டரியும் தாங்காது. சென்னை வெயிலில் ரூமே 35 டிகிரியைத் தாண்டுகிற நாட்களில் கேட்கவே வேண்டாம்.

ஆகவே இனிமேல் ராத்திரி சார்ஜ் வேண்டாம். காலையில் குளித்துக் கிளம்புகிற நேரத்தில் போடு, ஆபீஸில் மேஜைமேல் கண்ணுக்கு முன்னால் போடு. 20-க்குக் கீழே விடாமல், 80 பக்கம் வந்ததும் எடுத்துவிடு. இப்போது வருகிற நிறைய போன்களில் செட்டிங்ஸில் பேட்டரி பகுதிக்குள் 80-லேயே நிறுத்துகிற வசதி இருக்கிறது, அதை ஆன் செய்துவிட்டால் நீ பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். ஊருக்கு வருகிற அன்றைக்கு 100 ஏற்றிக்கொள், தப்பே இல்லை, ஏற்றின கையோடு பயன்படுத்திவிட்டால் போதும். கை பொறுக்காத சூடு தெரிந்தால் சார்ஜரை உருவி, கவரைக் கழற்றி ஃபேன் காற்றில் வை, ஃபிரிட்ஜுக்குள் வைக்காதே.

முழுசாகத் தீர்ந்தபிறகுதான் சார்ஜ் போடவேண்டும் என்று உன் மாமா இன்னும் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிக்குப் பொருந்தின பேச்சு. இப்போது போன்களில் இருக்கிற லித்தியம் அயான் பேட்டரி 1991-ல் சோனி கம்பெனி மூலமாகக் கடைக்கு வந்தது, அதை உருவாக்கின மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019-ல் வேதியியல் நோபல் பரிசும் கொடுத்துவிட்டார்கள். இதற்கு அந்தப் பழக்கம் கெடுதல்தான். அடிக்கடி சொருகினால் ஆயுள் குறையும் என்ற பயமும் வேண்டாம். இன்றைக்குப் பாதி, நாளைக்குப் பாதி ஏற்றினால் இரண்டும் சேர்ந்துதான் ஒரு முழு சார்ஜ் சுற்று. ஒரு பேட்டரி 500 முழுச் சுற்றுக்கு மேல் ஓடியிருந்தால் அது உழைக்கவேண்டிய அளவு உழைத்துவிட்டது என்று வைத்துக்கொள்.

சார்ஜ் மெதுவாக ஏறுகிறது என்று உன் ரூம்மேட் சொன்னாளாம். புது கேபிள் வாங்குவதற்கு முன்னால் போனில் கேபிள் சொருகுகிற போர்ட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல். போன மாதம் ஒரு பஸ் கண்டக்டர் வந்தார், இரண்டு கேபிள் மாற்றியும் ஏறவில்லை, உள்ளே சர்க்யூட் போர்டே போய்விட்டது என்று எங்கோ சொல்லியிருக்கிறார்கள். போனை அணைத்து, மரப் பல்குச்சியால் மெதுவாக நெம்பினேன். சட்டைப் பை நூலும் டிக்கெட் காகிதத் தூளும் கெட்டியாக இறுகி, ஒரு மிளகு அளவுக்கு உருண்டையாக வந்தது. அப்புறம் கேபிள் பின் டக்கென்று உள்ளே போய் உட்கார்ந்தது. பின் முழுசாக உள்ளே போகவில்லை என்றால் பாதிக்குப் பாதி அழுக்குதான். குண்டூசி மட்டும் விடக்கூடாது, உள்ளே இருக்கிற முனை வளைந்துவிடும்.

உனக்கு ரயிலில் சார்ஜ் நிற்காததற்கு வேறு காரணம். டவர் சரியாகக் கிடைக்காத இடத்தில் போன் தேடிக்கொண்டே இருக்கும், சிக்னலையும் பலமாக அனுப்பும். படுக்கும்போது ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடு, அலாரம் அடிக்கும், கவலை இல்லை.

புது பேட்டரி போடச் சொன்னால் கம்பெனி சர்வீஸ் சென்டரிலேயே போடு, கூட ஆகிற பணத்தை நான் அனுப்புகிறேன். வெளியே வாங்குகிற சார்ஜரில் ஐஎஸ்ஐ மாதிரியே பிஐஎஸ் முத்திரையும், ஆர் என்று ஆரம்பிக்கிற பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பார். பழைய பேட்டரியை அவர்களிடமே கொடுத்துவிடு, ஹாஸ்டல் குப்பைக் கூடையில் போடாதே, குப்பை வண்டியில் நசுங்கினால் அள்ளுகிறவர்களுக்குத்தான் ஆபத்து.

அதுவரைக்கும் உனக்குப் போன் வேண்டுமே. அம்மாவின் பழைய போனைத் திறந்து புது பேட்டரி போட்டு, இரண்டு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டேன், சூடும் இல்லை, சார்ஜும் நிற்கிறது. சித்தப்பா சனிக்கிழமை முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறுகிறார், ஞாயிற்றுக்கிழமை காலையில் எழும்பூர் வந்து உன் ஹாஸ்டலில் கொடுத்துவிடுவார். 50 சதவீதத்தில் அணைத்து வைத்திருக்கிறேன், சிம் எடுக்கிற ஊசியை டப்பா மூடிக்குள் டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன், கூடவே இரண்டு பாக்கெட் கடலை மிட்டாய். பழைய போனை அணைத்துவிட்டேன் என்று இன்றைக்கே லேப்டாப்பிலிருந்து எனக்கு ஒரு வரி அனுப்பு, அது வருகிறவரைக்கும் கடையில்தான் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா