வக்கீலை யார் இழுப்பது?

அன்புள்ள செல்வம்,

பதில் போடாததற்கு வழக்கமான சாக்குதான், கோர்ட். வீட்டில் எல்லோரும் சுகம். சின்னவள் பி.காம். சேர்ந்துவிட்டாள். சட்டம் வேண்டவே வேண்டாம் என்றாள், பிழைத்தாள்.

ராஜு கல்யாணப் பந்தியில் இலையைக்கூடப் பார்க்காமல் கத்தினாயே, 'டாக்டரைக் கோர்ட்டுக்கு இழுக்கிறீங்க, வக்கீலை யாருடா இழுப்பது?' என்று. போன வாரம் ஒரு அம்மா என் ஆபீஸில் உட்கார்ந்து அதையே கேட்டார்.

நில வழக்கு. வக்கீல் ஆஜராகாமல் எப்போதோ தள்ளுபடியாகிவிட்டது. அந்த மனுஷன் அதைச் சொல்லாமல் வாய்தா தேதி மட்டும் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். அம்மா ஒவ்வொரு தேதியையும் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி, மருந்துக்கடை கவரில் சேர்த்து வைத்திருக்கிறார். தள்ளுபடி உத்தரவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் வழக்கு செத்த பிறகு கொடுத்த தேதிகள்! ஒவ்வொன்றுக்கும் ஃபீஸ் வேறு.

டாக்டர்களான உங்களை 1995லேயே உச்ச நீதிமன்றம் சாந்தா வழக்கில் நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. வக்கீல்களான எங்களை 2024 மே மாதம் அதே உச்ச நீதிமன்றம் வெளியே விட்டுவிட்டது. கட்சிக்காரரின் கட்டுப்பாட்டில்தான் வக்கீல் வேலை செய்கிறாராம், அதனால் நுகர்வோர் வழக்கு செல்லாது. அந்தக் கவரைப் பார்த்துவிட்டு யாராவது இதைச் சொல்லட்டும்.

மிச்சம் இருப்பது வக்கீல்களைக் கட்டுப்படுத்தும் பார் கவுன்சில். ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் மூன்று பேர், மூவரும் வக்கீல்கள். கண்டிக்கலாம், சஸ்பெண்ட் செய்யலாம், பெயரையே நீக்கலாம். ஆனால் அம்மாவுக்கு நஷ்ட ஈடு வேண்டுமென்றால் சிவில் கோர்ட்டுக்குத்தான் போகவேண்டும். அதாவது இன்னொரு வக்கீல், இன்னொரு வாய்தா. சரி, முதலில் நிலத்தைப் பார்ப்போம் என்று வழக்கை மறுபடி கோப்பில் எடுக்க மனு தயாரிக்கிறேன். அதற்குக் கெடு 30 நாள்தான், அது தாண்டி வெகுகாலம். தாமதத்தை மன்னிக்கக் கேட்பதற்கு அந்தக் காலண்டர் தாள்கள்தான் என் ஒரே சாட்சி.

பார் கவுன்சில் புகாரும் எழுதிவிட்டேன். அன்றிலிருந்து வக்கீல் அசோசியேஷனில் இரண்டு பேர் என்னோடு டீ குடிப்பதில்லை. சீனியர் ஒருவர், 'நம்மாளுப்பா, பேசி முடிச்சுக்கலாமே' என்றார். இதைத்தான் உங்கள் ஆட்கள் செய்யும்போது நான் பக்கம் பக்கமாகத் திட்டுவேன். ரொம்பச் சிரிக்காதே.

அப்புறம், ஒரு பித்தப்பை ஆபரேஷன் வழக்குக் கட்டு வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்டில் மயக்க மருந்துக் குறிப்பு ஒரு பக்கம் மட்டும் வேறு மையில் இருக்கிறது. இதில் கவனக்குறைவு உண்டா என்று எழுதித் தர ஒரு டாக்டரும் வரமாட்டேன் என்கிறார். நீயும் தரமாட்டாய், தெரியும். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், படித்துவிட்டு வாயாலாவது சொல்.

உன்,
பாலு