விருதுக்கு முன்னால் ஒரு தேதி

கிண்டி, சென்னை

அன்புள்ள சண்முகம்,

கடிதம் கிடைத்தது. சின்ன வெங்காயத் தோல் உரிக்கும் இயந்திரம் ஓட ஆரம்பித்துவிட்டது என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. கண்டுபிடிப்பாளர் விருதுக்கு அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறாய். கட்டாயம் அனுப்பு. ஆனால் அதற்கு முன்னால் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்து, அது பதிவான தேதியை வாங்கிவிடு. பொருள் புதியதா என்று அந்தத் தேதியை வைத்துத்தான் பார்ப்பார்கள்.

விருதுக்கு வீடியோ கேட்பார்கள், மேடையில் ஓட்டிக் காட்டச் சொல்வார்கள், மறுநாள் பேப்பரில் படத்தோடு வரும். அப்படி வெளியே தெரிந்துவிட்ட பொருள் சட்டப்படி புதியது இல்லை. பிறகு விண்ணப்பித்தால் உன் வீடியோவையே காட்டித் தள்ளிவிடலாம். 1970 காப்புரிமைச் சட்டத்தின் 31ஆம் பிரிவில், வெளியே காட்டிய பிறகும் விண்ணப்பிக்க 12 மாதச் சலுகை உண்டு என்பார்கள். அது மத்திய அரசு அறிவிக்கை கொடுத்த கண்காட்சிக்கு. கல்லூரி விழாவுக்கும் சங்கக் கூட்டத்துக்கும் அதை நம்பி இறங்காதே. தேதி வாங்கும்வரை இயந்திரத்தை யாருக்கும் விற்கவும் வேண்டாம்.

தேதிக்குத் தற்காலிக விண்ணப்பம் போதும். படிவம் 1 (விண்ணப்பம்), படிவம் 2 (விவரக் குறிப்பு), வரைபடம். தனிநபருக்கு ஆன்லைனில் 1,600 ரூபாய். காகிதமாகக் கொண்டுவந்தால் 1,750. தமிழ்நாடு முழுவதற்கும் இங்கே ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கிற அலுவலகம்தான். ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத வேண்டும், தமிழில் வாங்க மாட்டார்கள். தலைப்பு 15 சொற்களுக்குள் இருக்கட்டும். அன்றிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விவரக் குறிப்பைப் போட வேண்டும். தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும்.

பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். தற்காலிகம்தானே என்று அரைப் பக்கம் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அதில் சொல்லாத பாகத்துக்கு அந்தத் தேதி கிடைக்காது. காற்றழுத்தத்தில் வெங்காயம் உரிக்கும் இயந்திரங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. ஆகவே ‘காற்றால் உரிக்கும் இயந்திரம்’ என்று மட்டும் எழுதினால் நிற்காது. உன் டிரம்மின் உள்சுவரில் என்ன ரப்பர், காற்று பீறிடும் நாஸில் எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கிறது, காற்றழுத்தம் எத்தனை பார், ஒரு ஈடு எத்தனை விநாடி, தோல் எந்த வழியாக வெளியேறுகிறது, எல்லாவற்றையும் எழுது. கோணத்தை ஒரே எண்ணாகச் சொல்லாமல், எதிலிருந்து எதுவரை வேலை செய்கிறது என்று சொல். அலுவலக இணையதளத்தில் பழைய விண்ணப்பங்களைத் தேடிப் பார்க்கக் காசு கிடையாது. ஒரு நாள் உட்கார்ந்து பார்த்துவிடு.

இன்னொன்று, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நாஸிலைச் சாய்த்து வைக்கும் யோசனை உன் பட்டறை வெல்டர் தம்பியுடையது என்று நீயே எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் படிவம் 1இல் கண்டுபிடிப்பாளர் என்ற இடத்தில் அவன் பெயரும் வர வேண்டும். பணம் போட்டவர், இடம் கொடுத்தவர் எல்லாம் கண்டுபிடிப்பாளர் ஆக மாட்டார்கள், யோசித்தவன் ஆவான். உரிமை உன்னிடம் இருக்க வேண்டுமென்றால் அதே படிவத்தில் அவன் கையெழுத்தை வாங்கிக்கொள். விருது விண்ணப்பத்திலும் அதே இரண்டு பெயர்கள் இருக்கட்டும். 2024 காப்புரிமைத் திருத்த விதிகளில் கண்டுபிடிப்பாளருக்கென்றே தனிச் சான்றிதழும் வந்திருக்கிறது. காப்புரிமை கிடைத்ததும் அவனுக்கு அதை வாங்கிக் கொடு.

எந்த விருது என்றால், தேசியப் புத்தாக்க நிறுவனம்தான் உனக்குச் சரி. பொறியியல் பட்டம் இல்லாத, பட்டறையிலும் வயலிலும் வேலை செய்கிறவர்களுக்காகவே 2000இல் தொடங்கியது. விவரத்தை யாரிடம் எவ்வளவு சொல்லலாம் என்று ஓர் ஒப்புதல் படிவம் கேட்பார்கள். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடு. உன் மகளின் யோசனைக்கு, பள்ளி மாணவர்களுக்கென்று அவர்களிடம் விருது உண்டா என்று கேட்டுப் பார். மத்திய அரசின் தேசிய அறிவுசார் சொத்துரிமை விருதுகள் பிறகு பார்க்கலாம், அங்கே காப்புரிமைகளும் அவை சந்தைக்குப் போன கணக்கும் வேண்டும். ‘நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள், பதிவுக் கட்டணம் கட்டுங்கள்’ என்று போன் வந்தால் ஒன்று கேள்: இயந்திரம் ஓடுவதைப் பார்க்க நடுவர் யார் வருகிறார்? பதில் இல்லையென்றால் வைத்துவிடு.

நடுவர்களுக்கு ‘வேகமாக உரிக்கும்’ என்று எழுதாதே. 10 கிலோ எடுத்து ஓட்டி, முழுதாய் உரிந்தது, அரைகுறையாய் நின்றது, நசுங்கியது மூன்றையும் தனித்தனியே எடை போடு. நன்கு காய்ந்த வெங்காயம், பறித்துச் சில நாளே ஆன வெங்காயம் இரண்டிலும் செய். ஈரத்தோல் ஒட்டிக்கொள்ளும், அந்தக் குறைந்த எண்ணையும் மறைக்காமல் எழுது. பொடியும் பெரிசும் கலந்து போட்டால் பொடி தப்பிக்கும், பெரிசு அடிபடும். எனவே முதலில் சலித்துப் பிரித்துக்கொள். அதே 10 கிலோவைக் கையால் உரிக்க எத்தனை பேர், எவ்வளவு நேரம் என்பதும் பக்கத்தில் இருக்கட்டும். விழா அரங்குகளில் பெரும்பாலும் சிங்கிள் ஃபேஸ் மின்சாரம்தான், உன் கம்ப்ரஸர் அதில் ஓடுமா என்று இப்போதே பார்த்துவிடு.

வரைபடத்தை எனக்கு அனுப்பு. முன்பக்கம், மேற்பக்கம், டிரம்மின் குறுக்குவெட்டு மூன்றும் வேண்டும். ஒவ்வொரு பாகத்துக்கும் எண் கொடு. எழுத்திலும் படத்திலும் ஒரே எண்ணாக இருக்கட்டும். வந்ததும் ஆங்கிலத்தில் எழுதித் திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
ராமு