கைம்மாறு கேளாத காதல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காதல் கதைகளில் வரும் ஒருதலைக் காதலனை, பதில் வராத ஜெபத்தோடு காத்திருக்கும் விசுவாசிக்கு ஒப்பிட்டுத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். ஒப்புமை அழகாகவே இருக்கிறது. ஆனால் அதில் பாத்திரங்கள் இடம் மாறிவிட்டன என்பது என் எண்ணம். வேதாகமத்தில் அன்பு செலுத்தியும் ஏற்கப்படாமல் நிற்பவர் பெரும்பாலும் மனிதர் அல்லர், கடவுளே. கோழி தன் குஞ்சுகளைச் சிறகின்கீழ்ச் சேர்ப்பதுபோல எருசலேமின் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள எத்தனையோ முறை விரும்பியதாகச் சொல்லும் இயேசு, "உங்களுக்கோ மனதில்லாமற்போயிற்று" என்கிறார்.

சார்லஸ் டிக்கன்ஸ் 1859-இல் எழுதிய 'இரு நகரங்களின் கதை'யைக் கட்டுரையாளர் ஒரே வரியில் கடந்துவிட்டது எனக்குக் குறையாகவே படுகிறது. அந்நாவலின் சிட்னி கார்ட்டன், லூசியிடம் தன் காதலைச் சொல்லும்போதே அவளால் அதை ஏற்க இயலாது என்பதை அறிந்திருக்கிறான். அவளுக்காகவும் அவளுக்கு அன்பானவர்களுக்காகவும் எந்தத் தியாகமும் செய்வேன் என்று சொல்வதோடு விலகிக்கொள்கிறான். பிற்பாடு, புரட்சிக் காலத்துப் பாரிஸில் அவள் கணவன் சார்லஸ் டார்னேவுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டபோது, சிறைக்குள் சென்று அவனை மயக்கமடையச் செய்து, உடைகளை மாற்றிக்கொண்டு, அவனுக்குப் பதிலாகக் கில்லட்டின் என்னும் தலைவெட்டும் இயந்திரத்துக்குப் போகிறான். அந்தத் தீர்ப்புக்கு முந்தைய இரவில் தெருக்களில் தனியே நடக்கையில், தன் தந்தையின் அடக்கத்தின்போது வாசிக்கப்பட்ட "நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்" என்ற வசனம் திரும்பத் திரும்ப அவன் நினைவில் எழுகிறது. சிறையில் ஓர் ஏழைத் தையற்காரப் பெண் அவன் முகத்தை உற்றுப் பார்த்து ஆள் மாறியிருப்பதைக் கண்டுகொண்டு, அவருக்காகவா சாகிறீர்கள் என்று மெல்லக் கேட்கிறாள். அவருடைய மனைவிக்காகவும் குழந்தைக்காகவுந்தான் என்கிறான் அவன். தன்னை மறுத்த காதலைப் பழிக்காமல், அக்காதலைப் பெற்றுக்கொண்ட போட்டியாளனையே வாழவைப்பதுதான் இக்கதையைச் சிலுவைக்கு அருகே கொண்டுவருகிறது. மறுத்த பெண்ணை விடாமல் துரத்துவதையே பக்தியாகக் காட்டும் நம் திரைப்பட நாயகர்களுக்கு இந்த உவமையில் இடமே இல்லை.

ஆனாலும் கார்ட்டனை முழு உவமையாக எடுத்துக்கொள்வதற்கில்லை. குடியில் தன் வாழ்வைத் தானே பாழாக்கிக்கொண்ட அவனுக்கு இழப்பதற்கு அதிகம் இல்லை. லூசியோ அன்புக்குத் தகுதியானவள். "நாம் பாவிகளாயிருக்கையில்" கிறிஸ்து மரித்தார் என்று ரோமருக்கு எழுதுகிற பவுல் பேசுவது இதனினும் கடினமான அன்பு. அதற்கு நெருங்கி வருபவர் பழைய ஏற்பாட்டின் ஓசியா தீர்க்கதரிசி. விலகிப்போன பெண்ணைப் பதினைந்து வெள்ளிக்காசும் ஒன்றரைக் கலம் வாற்கோதுமையும் கொடுத்து மீட்டுவரும் அவர், அவள் தம்மை நேசிக்கிறாளா என்று ஓரிடத்திலும் கேட்கவில்லை. அவளுடைய மறுமொழியும் ஓசியாவின் நூலில் பதிவாகவில்லை. கட்டுரையாளர் இப்பொருளில் மேலும் எழுதுவாரானால், அந்தச் சிறிய மூன்றாம் அதிகாரத்தை விரிவாக ஆராய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
பாளையங்கோட்டை.