"சார், அவங்க இன்னும் முடிக்கலை" என்று சொன்னவருக்கும் மற்ற எல்லாருக்கும்

நண்பர்களே, போன மாதம் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும், பாதிப் பேர் கூடவே இருந்து பட்டீர்கள், அதனால் அதை மறுபடி எழுதப் போவதில்லை. நேற்று சாயங்காலம் தகவல் வந்துவிட்டது. உள்ளாட்சிக் கூட்டங்களில் மாற்றுத்திறனாளி உறுப்பினர்களும் பங்கேற்க வசதி கேட்டு நாம் கொடுத்த மனுவில் இருந்த எல்லாக் கோரிக்கைகளையும் எம்.எல்.ஏ. தன் கடிதத்தோடு துறைக்கு அனுப்பிவிட்டார், சட்டமன்றத்தில் துறைகளுக்குப் பணம் ஒதுக்கும்போது நடக்கும் மானியக் கோரிக்கை விவாதத்தில் இதைப் பேசுவதாகவும் சொல்லியிருக்கிறார். பேச நேரம் கிடைக்குமா, அமைச்சர் என்ன பதில் சொல்வார், எதுவும் தெரியாது. ஆனாலும் இந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும், ஆறிவிட்டால் நான் வழக்கம்போலக் குறை சொல்ல ஆரம்பித்துவிடுவேன்.

முதல் நன்றி எம்.எல்.ஏ.வின் உதவியாளரான அந்த பி.ஏ. அண்ணனுக்கு. பெயரைப் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார், போடவில்லை.

என் பேச்சு எப்படி இருக்கும் என்று பழகியவர்களுக்குத் தெரியும். பெருமூளை வாதம் கால்களோடு நிற்கவில்லை, நாக்கையும் தாடையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. ஒரு வாக்கியம் முடிய நேரம் ஆகும். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் நான் இரண்டாவது சொல்லுக்கு வருவதற்குள் எதிரில் இருப்பவர் அக்கா பக்கம் திரும்பி "என்னம்மா சொல்றாங்க?" என்பார். அக்கா "அவகிட்டயே கேளுங்க சார்" என்பாள். அதற்குள் அவருக்கு போன் வந்துவிடும். இன்னொரு வகை மனிதர்கள் இருக்கிறார்கள், ரொம்ப நல்லவர்கள், அதுதான் சிக்கலே. நான் சொல்ல வருவதை ஊகித்து அவர்களே முடித்துவிடுவார்கள். "பென்ஷன் வரலையா? சரிம்மா, பாக்கறேன்." நான் பென்ஷனைப் பற்றிப் பேச வந்தே இருக்க மாட்டேன்.

மனு கொடுக்க எம்.எல்.ஏ.வைப் பார்க்கப் போன அன்றைக்கும் அப்படித்தான் ஆகப் போனது. நான் தொடங்கி இரண்டு வாக்கியம்கூட ஆகவில்லை, எம்.எல்.ஏ. "உதவித்தொகை விஷயம்தானே, மனுவைக் குடுத்துட்டுப் போங்க, பாத்துக்கலாம்" என்று கையை நீட்டிவிட்டார். அக்கா மனுவை எடுக்கப் பையைத் திறந்துவிட்டாள். அப்போதுதான் ஓரமாகக் குறிப்பேடு வைத்துக்கொண்டு நின்ற இந்த அண்ணன், "சார், அவங்க இன்னும் முடிக்கலை" என்றார்.

குரலை உயர்த்தவில்லை, எனக்காக வாதாடவும் இல்லை. ஒரு நாற்காலியை இழுத்து என் வீல்சேருக்கு நேர் எதிரே போட்டுவிட்டு எம்.எல்.ஏ.வைப் பார்த்தார், அவரும் மேஜைக்கு அந்தப் பக்கமிருந்து எழுந்து வந்து உட்கார்ந்தார். கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்த மின்விசிறியை அண்ணன் நிறுத்தினார். அடுத்து காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தபோது கதவைச் சாத்தினார். புரியாத இடத்தில் புரிந்ததுபோலத் தலையாட்டாமல், "இத மட்டும் இன்னொரு தடவ சொல்லுங்கம்மா" என்று என்னிடமே கேட்டார், எழுதியதை எனக்குப் படித்துக் காட்டிச் சரிதானா என்றும் கேட்டார். ஒரு இடத்தில் தப்பாக எழுதியிருந்தார், திருத்தினார். கிளம்பும்போது அக்காவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை, இதெல்லாம் யார் சார் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேவிட்டாள். "யாரும் சொல்லலைங்க, அவங்க பேசிட்டுத்தானே இருந்தாங்க" என்றார்.

அதனால்தான் நான் சொல்ல வந்தது முழுதாகப் போய்ச் சேர்ந்தது. 2025-இல் சட்டமன்றம் உள்ளாட்சிச் சட்டங்களைத் திருத்தி, ஊராட்சிகளிலும் நகர்ப்புற உள்ளாட்சிகளிலும் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்க வழி செய்தது. பெரிய விஷயம், நாம் எல்லாரும் கொண்டாடினோம். ஆனால் கூட்டம் மாடியில் நடந்தால் உறுப்பினர் எப்படிப் போவார்? தீர்மான நகல் அச்சுத் தாளில் மட்டும் வந்தால் பார்வையற்ற உறுப்பினர் எதைப் படித்துவிட்டுப் பேசுவார்? சைகை மொழிபெயர்ப்பாளர் இல்லாத கூட்டத்தில் காது கேளாதவருக்கு நாற்காலி மட்டும் எதற்கு? இதைத்தான் கேட்டோம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டப்படி, பழைய பொதுக் கட்டடங்களையும் விதிகள் வந்த 5 ஆண்டுகளுக்குள் எல்லாரும் போய்வரும்படி மாற்றியிருக்க வேண்டும். விதிகள் வந்தது 2017-இல், கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அணுகல் தரநிலைகளை வெறும் பரிந்துரையாக வைத்திருக்க முடியாது, கட்டாயமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றமும் 2024 நவம்பரில் சொல்லிவிட்டது.

இன்னொன்றும் சொன்னேன், எம்.எல்.ஏ. அங்கேதான் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதே 2016 சட்டத்தில் மாநில ஆலோசனை வாரியம் என்று ஒன்று உண்டு, ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும், அதில் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் இடம் இருக்கிறது. அதாவது இது எங்கள் பிரச்சினை மட்டும் இல்லை சார், உங்கள் வேலையும்தான். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? அவ்வளவு நேரமும் ஒருவரும் குறுக்கே பேசவில்லை.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒன்பது பக்கத்தில் நாம் கொட்டி வைத்திருந்த கோபத்தை இரண்டு பக்க மனுவாகச் சுருக்கிய சட்டக் கல்லூரித் தம்பிக்கும், படமாக எடுத்த கோப்பைத் திரைவாசிப்பான் (திரையில் உள்ள எழுத்தைக் குரலில் படிக்கும் மென்பொருள்) படிக்காது, எழுத்துக் கோப்பாக அனுப்புங்கள் என்று நம் எல்லாரையும் திட்டிய பார்வையற்ற தோழருக்கும், தனக்குக் கொடுத்த நேரத்தை எங்களுக்கு விட்டுக்கொடுத்த காது கேளாதோர் குழுவுக்கும், காசு வாங்காமல் நாள் முழுக்க நின்ற சைகை மொழிபெயர்ப்பாளருக்கும், சாய்தளம் இல்லாத வாசலில் வீல்சேரைத் தூக்கிய முன்பின் தெரியாத இரண்டு பேருக்கும் (தூக்கியதற்கு நன்றி, தூக்க வேண்டியிருந்ததற்கு அடுத்த மனு தயாராகிறது), என் அக்காவுக்கும். அக்காவுக்கு நன்றி சொன்னால் அடிப்பாள், ஆனாலும்.

இரண்டு நாளாக எனக்கு ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது. வீல்சேர், காதுக் கருவி, உதவித்தொகை எல்லாவற்றையும் கேட்டு எழுதுகிறோம், நேரத்தைக் கேட்டு யாரும் எழுதுவதில்லை. நம் கூட்டங்களிலேயே அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகள் வந்தால் அம்மாக்கள்தான் பேசுகிறார்கள். அம்மாக்களைக் குறை சொல்லவில்லை, யார் காத்திருந்து கேட்டார்கள், அவர்கள்தான் என்ன செய்வார்கள். அடுத்து மனு கொடுக்கப் போகும் குழுவில் அந்தப் பிள்ளைகளில் ஒருவராவது தானே பேச வேண்டும், அது பத்துச் சொல்லாக இருந்தாலும் சரி. ஏற்பாடு என் பொறுப்பு.

அடுத்த வாரம் பக்கத்துத் தொகுதி எம்.எல்.ஏ.வைப் பார்க்கிறோம். பத்து நிமிடம் தருகிறோம் என்றார்கள், நான் ஒத்துக்கொள்ளவில்லை, அரை மணி நேரம் கேட்டு வாங்கியிருக்கிறேன். பேச விருப்பம் உள்ளவர்கள் இப்போதே சொல்லுங்கள், என்ன வசதி வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.