நம் நீதிபதி ஐயாவின் சனிக்கிழமைகள்

சென்னை

அன்பு நண்பருக்கு,

வணக்கம். தஞ்சையிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. பேரன் பிறந்த செய்தி அறிந்து வீட்டில் அனைவரும் மகிழ்ந்தோம். நம் நீதிபதி ஐயா எப்படி இருக்கிறார் என்று கேட்டிருந்தீர்கள். அதை விரிவாக எழுத வேண்டும் என்பதால்தான் பதில் எழுதச் சற்றுத் தாமதமாயிற்று.

சைதாப்பேட்டை நீதிமன்றத்தில் நீங்கள் பெஞ்ச் கிளார்க்காகவும் நான் நகல் பிரிவிலும் இருந்த நாட்களை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். வாய்தா கேட்டு மனு வந்தால், கட்சிக்காரர் கூட்டத்தில் எங்கே நிற்கிறார் என்று பார்த்து முன்னே அழைத்து, அவருடைய வழக்கு அன்று எதனால் தள்ளிப்போகிறது என்பதை ஐயாவே எடுத்துச் சொல்லுவார். தீர்ப்புகளையும் தமிழில்தான் எழுதினார். அதன் அருமை நகல் பிரிவில் இருந்த எனக்கு நன்றாகத் தெரியும். மற்ற தீர்ப்புகளின் நகலை வாங்கியவர்கள் அதைப் படித்துச் சொல்ல ஆள் தேடி வாசலில் நிற்பார்கள். ஐயாவின் தீர்ப்பை வாங்கியவர்களோ, தோற்றவர்கள் உட்பட, படிக்கட்டிலேயே உட்கார்ந்து தாங்களே படித்துக்கொண்டிருப்பார்கள்.

மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக் கடை வைத்திருந்தவரின் மகன் அவர் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். உயர் நீதிமன்றத்துக்குப் போகும்போதெல்லாம் முத்துசாமி ஐயரின் பளிங்குச் சிலை முன் ஒரு நிமிடம் நிற்பார். மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்தில் கிராமக் கணக்கு வேலையில் தொடங்கி, அந்த உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியான ஒருவரை அங்கே வெறுங்காலுடன் அமர்த்தியிருப்பது அவருக்கு மிகவும் பிடிக்கும்.

ஓய்வுபெற்றுவிட்ட ஐயாவிடம் சட்ட யோசனை கேட்க, இப்போது சனிக்கிழமைதோறும் காலையில் அவர் வீட்டு முன்னறையில் பத்துப் பதினைந்து பேராவது காத்திருக்கிறார்கள். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழுக்காக நீதிமன்றத்தில் அலைந்தவர்களும், தரகரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தவர்களும் அவர்களில் உண்டு. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் பாராமல் இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார் என்பது வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியவில்லை. முப்பது ஆண்டுகளாக நடைமுறையில் இருக்கும் உரிமை, கேட்க வேண்டியவர்களின் காதை இன்னும் எட்டவில்லையே என்பதுதான் அவருடைய பெரிய வருத்தம். எனக்கும் அதே வருத்தம் உண்டு.

சென்ற மாதம், கணவரை விபத்தில் இழந்த வீட்டு வேலை செய்யும் அம்மா ஒருவர் வந்தார். சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் அவருடைய இழப்பீட்டு மனு இருந்தது. இரு தரப்பும் பேசிச் சமரசமாக வழக்கை முடிக்கும் மக்கள் நீதிமன்றத்தில் முடித்துக்கொள்ளலாம் என்று காப்பீட்டு நிறுவனம் ஒரு தொகையைச் சொல்லியிருந்தது. அங்கே முடிந்துவிட்டால் மேல்முறையீடு கிடையாது, பணமும் விரைவாகக் கைக்கு வரும் என்பதால் ஐயா பொதுவாக அந்த வழியையே சொல்லுவார். அன்று மட்டும், இறந்தவரின் வயதையும் கூலியையும் கேட்டு ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, இந்தத் தொகைக்குக் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மேல்முறையீடு இல்லை என்பதாலேயே முதலில் நிதானம் வேண்டும் என்றும், அவசரத்தில் இருக்கும் ஏழை விட்டுக்கொடுப்பதற்குச் சமரசம் என்று பெயர் வைக்கக் கூடாது என்றும் அவர் சொன்னபோது, பழைய நீதிமன்ற அறையில் நிற்பதாகவே உணர்ந்தேன். அந்த அம்மாவுக்குச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் மூலம் இப்போது ஒரு வழக்கறிஞர் கிடைத்திருக்கிறார், வழக்கு நடக்கிறது.

ஐயாவுக்குக் கண் பார்வை சற்று மங்கிவிட்டது. மனுக்களை நான்தான் படித்துச் சொல்லி, அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். வேலை ஏறிக்கொண்டே போகிறது. உங்கள் கையெழுத்தின் தெளிவை அவர் இன்னும் மறக்கவில்லை. தை பிறந்ததும் சென்னைக்கு வருவதாக எழுதியிருக்கிறீர்கள். அதில் ஒரு சனிக்கிழமையாவது இருக்கும்படி பயணத்தை அமைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய நகல் பிரிவு நண்பன்