அடுத்த காலாண்டு அறிக்கையிலாவது உள்ளதைச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய இயக்குநர் குழுவினருக்கு,

வணக்கம். நம் நிறுவனத்தின் தங்கச் சுரங்கம் இருக்கும் நாட்டின் அரசு அதன் உரிமத்தை ரத்து செய்ததும், இழப்பீடு கேட்டு நீங்கள் உலக வங்கிக் குழுமத்தில் வெளிநாட்டு முதலீட்டு வழக்குகளுக்கென்றுள்ள இக்சிட் (ICSID) நடுவர் மன்றத்துக்குப் போனதும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விசாரணை மறுபடியும் தள்ளிப்போனதைச் சென்ற வாரம் ஒற்றை வரியில் அறிவித்தீர்கள். காரணமும் இல்லை, அடுத்த தேதியும் இல்லை. அன்றைய வணிகம் முடிவதற்குள் பங்கு பாதி விலைக்கு வந்துவிட்டது.

மன்னார்குடிப் பக்கம் மூன்று மா நஞ்சையை விற்ற பணத்தில் ஒரு பகுதியை வங்கி வழியே முறைப்படி வெளிநாட்டுக்கு அனுப்பி உங்கள் பங்குகளை வாங்கியவன் நான். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு மறுநாள் கடைசி நாள் என்றிருந்த அன்று, விற்பதா வைத்திருப்பதா என்று தெரியாமல், நம் நேரம் இரவு ஒன்றரைக்கு உங்கள் ஊர்ச் சந்தை மூடும்வரை கைபேசியும் கையுமாகத் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தேன். விலை இறங்கியதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். முடிவெடுக்க ஒரு தகவலும் இல்லாததைத்தான் தாங்க முடியவில்லை. விடிந்ததும் கூட்டுறவுச் சங்கத்தில் மனைவியின் வளையலை வைத்து நகைக்கடன் வாங்கிக் கட்டணத்தைக் கட்டினோம்.

டெல்டாக்காரர்களுக்கு நடுவர் மன்றம் புதிதில்லை. 1990இல் அமைந்த காவிரி நடுவர் மன்றத்தின் இறுதித் தீர்ப்பு 2007இல் வந்து, 2013இல்தான் மத்திய அரசிதழில் ஏறியது. ருமேனியா மீது கேப்ரியல் ரிசோர்சஸ் என்ற சுரங்க நிறுவனம் 2015இல் தொடுத்த வழக்கு 2024இல் தள்ளுபடியானதையும், வெனிசுலாவுக்கு எதிராக 2016இல் ஏறத்தாழ 120 கோடி டாலருக்குத் தீர்ப்புப் பெற்ற கிறிஸ்டலெக்ஸ் என்ற தங்கச் சுரங்க நிறுவனம் அதை வசூலிக்க அமெரிக்க நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் போராடியதையும் படித்திருக்கிறேன். ஆகவே தாமதத்துக்காக உங்களோடு வழக்காட வரவில்லை. வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது, கையிருப்பு எத்தனை மாதச் செலவைத் தாங்கும், வழக்குச் செலவுக்குப் பணம் போட்ட நிதி நிறுவனம் இழப்பீட்டில் முதலில் எவ்வளவு எடுத்துக்கொள்ளும் என்ற மூன்றையும் காலாண்டுதோறும் எழுத்தில் தாருங்கள்.

நடுவர் மன்ற ரகசியம் என்று முன்பு பதில் எழுதினீர்கள். கையிருப்புக் கணக்கில் என்ன ரகசியம் இருக்கிறது? பெருமுதலீட்டாளர் மாநாடுகளில் மணிக்கணக்கில் பேசுகிற உங்களுக்கு எங்களுக்கு ஒரு பத்தி எழுத நேரமில்லையா? தோண்ட வரும்போது ஊரைக் கூட்டிப் பேசுகிறவர்கள், சிக்கல் வந்ததும் வாய் திறப்பதில்லை. அந்தச் சுரங்க வேலையை நம்பியிருந்த அவ்வூர் மக்களுக்கும் இதே கதிதான்.

குரல் உயர்ந்திருந்தால் பொறுத்தருள வேண்டும். அந்த மூன்று விவரங்களையும் அடுத்த காலாண்டு அறிக்கையிலேயே சேர்த்துத் தருமாறு பணிவுடன் மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். மகளின் அடுத்த பருவக் கட்டணத்தை டிசம்பரில் கட்ட வேண்டும். விற்பதா வைத்திருப்பதா என்பதை அதற்குள் நான் முடிவு செய்தாக வேண்டும்.

இப்படிக்கு,
மன்னார்குடி வட்டத்துச் சிறு பங்குதாரர் ஒருவர்