ஆள் என்றால் இன்டைரக்டா? டியூஷன் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். தில்லியில் ஆர்.கே. புரத்திலும் கரோல் பாகிலும் நம் பிள்ளைகளுக்கு மாலையில் ஆங்கில இலக்கணம் சொல்லித்தருகிறீர்கள். சனிக்கிழமைத் தேர்வைப் பற்றி உங்களில் ஒருவரிடம் நேரிலேயே பேசினேன். "விதி அப்படித்தான்" என்று அனுப்பிவிட்டார். அந்த விதியை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

'தி வாட்ச்மேன் ஸ்டாப்ட் ராஜு.' இதில் ராஜு எந்த ஆப்ஜெக்ட்? ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகள் டைரக்ட் ஆப்ஜெக்ட் என்று எழுதினாள். சிவப்பு மையில் அடித்து, ஓரத்தில் 'ஆள் என்றால் இன்டைரக்ட், பொருள் என்றால் டைரக்ட்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். போனது அரை மதிப்பெண், போகட்டும். அன்றிரவு அவள் பள்ளி வீட்டுப்பாடத்தை எடுத்து, சரியாக எழுதியிருந்த நான்கு விடைகளை ரப்பரால் அழித்துக்கொண்டிருந்தாள். ஓரிடத்தில் தாளே கிழிந்துவிட்டது. "சாருக்கு இப்படித்தான் வேண்டுமாம் அம்மா" என்றாள், நிமிர்ந்து பார்க்காமல்.

வாட்ச்மேன் ராஜுவை நிறுத்தினார். அவனுக்கு எதையும் கொடுக்கவில்லை. 'அம்மா பூனைக்குப் பால் கொடுத்தாள்' என்பதில்தான் இரண்டும் உண்டு: கொடுத்தது பால், அது டைரக்ட்; பெற்றது பூனை, அது இன்டைரக்ட். ஆங்கிலத்தில் பூனையைப் பாலுக்கு முன்னால் வைக்கலாம். 'டு' சேர்த்துப் பின்னாலும் தள்ளலாம். ராஜுவுக்கு முன்னால் 'டு' போட்டுப் பாருங்கள், வாக்கியம் நொண்டும்.

நீங்கள் இந்தியில் விளக்குவதில்தான் சிக்கல் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். 'ராஜு கோ ரோகா', 'ராஜு கோ கிதாப் தீ': இரண்டுக்கும் ஒரே 'கோ'. அது அந்த மொழியின் வழக்கம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நம் பிள்ளைகள் வீட்டில் 'ராஜுவை', 'ராஜுவுக்கு' என்று நாள் முழுவதும் பிரித்துத்தானே பேசுகிறார்கள்? இரண்டாம் வேற்றுமைக்கு ஐ, நான்காவதற்குக் கு; முன்னது டைரக்டைக் காட்டும், பின்னது இன்டைரக்டை. நான்காம் வேற்றுமையின் பொருள்களை அடுக்கும் நன்னூல் கொடையைத்தான் முதலில் வைக்கிறது. 'பூனைக்குப் பால்' என்பதில் பாலின் ஐ மறைந்து நிற்கிறது, அவ்வளவுதான். எல்லா இடத்திலும் இது பொருந்தாது; 'எனக்கு இட்லி பிடிக்கும்' என்பதை ஆங்கிலத்தில் சொன்னால் அந்த 'எனக்கு' எழுவாயாகிவிடும். அதையும் ஒரு வரி சொன்னால் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள்.

ஆனால் வகுப்பில் தமிழ் கூடாது என்று சுவரில் ஒட்டியிருக்கிறீர்கள். தமிழர் நடத்தும் டியூஷனில், தமிழ்ப் பிள்ளைகளுக்கு, தமிழில் ஒரு வாக்கியம் சொன்னால் ஆங்கிலம் கெட்டுவிடுமாம்! மாதக் கட்டணத்தை மட்டும் என்னிடம் நல்ல தமிழில்தான் கேட்கிறீர்கள்.

மன்னிக்கவும், கேட்க வந்ததற்கு வருகிறேன். தயவுசெய்து அந்த வரியை நோட்டுகளிலிருந்து அடிக்கச் சொல்லுங்கள். சனிக்கிழமை விடைத்தாள்களை மறுபடியும் திருத்துங்கள். என் மகளின் தாளைத் திங்கட்கிழமை கொடுத்தனுப்புகிறேன். கிழிந்த வீட்டுப்பாடத்தையும் சேர்த்து.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்,
ஆர்.கே. புரம், புது தில்லி